சோலைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்: மலையேற்றக் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வார இறுதிகளில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து நீலகிரிக்கு அழைத்து வரும் ட்ரெக்கிங் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. ஊரை ஒட்டி இருக்கும் லாங்வுட் சோலையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். உங்களில் பலர் அங்கே வந்திருப்பீர்கள். நீங்கள் வருவது எனக்கு மகிழ்ச்சிதான். வந்த வேகத்திலேயே போய்விடுகிறீர்களே, அதுதான் வருத்தம்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் படிக்கும் என் அக்கா மகள் ஒரு குழுவில் பதிவு செய்திருந்தாள். “சித்தி, உங்க ஊருக்குத்தான் வர்றோம், நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டாள். குழுவின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல பிள்ளைகள்தான் நடத்துகிறார்கள், ஆட்களை அக்கறையாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். வேனில் 28 பேர் வந்து இறங்கினார்கள். ஒன்பதரைக்குச் சோலைக்குள் நுழைந்தோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரிடமும் விசில். யாராவது நின்று அண்ணாந்து பார்த்தால் பின்னாலிருந்து விசில் வரும். நடுவில் ஒருவருடைய பையில் சின்ன ஸ்பீக்கர் பாடிக்கொண்டே வந்தது. பத்தே முக்காலுக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். வாசலில் குரூப் போட்டோ. அடுத்து கோடநாடு காட்சிமுனை, அதற்கு அடுத்து கேத்தரின் அருவி, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.

கைக்கடிகாரத்தில் தூரம் பார்த்த ஒரு தம்பி, “அக்கா, மூணு கிலோமீட்டர்கூட இல்லையே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கேட்டார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அன்றைக்கு அவருக்குக் காட்டியது அவ்வளவுதான். ஆனால் என் அக்கா மகள் வேனில் ஏறும்போது, “எல்லாக் காடும் மாதிரிதான் இருக்கு சித்தி” என்றாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரின் சோலை அவளுக்கு ஒரு பச்சைச் சுவராக மட்டுமே தெரிந்திருக்கிறது.

லாங்வுட் சோலையின் மொத்தப் பரப்பு 116 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 290 கூட வராது. ஒரு சதுரக் கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நடையை கிலோமீட்டரில் அளந்தால் இங்கே எதுவுமே இல்லை. இதே 116 ஹெக்டேரைத்தான் 2024 தொடக்கத்தில், கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலில் அறிவித்தார்கள். ஏரியும் சதுப்பும் சேர்கிற பட்டியலில் ஒரு காடு எப்படி வந்தது என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சோலை என்பதே ஒரு தண்ணீர்த் தொட்டிதான். மலை மடிப்புகளில், ஓடை பிறக்கிற இடங்களில்தான் அது வளரும். சுற்றிலும் இருக்க வேண்டியது புல்வெளி. மழையையும் மூடுபனியையும் பாசியும் இலைச்சருகும் கறுத்த மண்ணும் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் மாதங்களில் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். லாங்வுட்டை நம்பிக் கீழே பல ஊர்கள் தண்ணீர் குடிக்கின்றன. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்த ஓடைத் தண்ணீர் என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை.

கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா தடுத்துவிடும். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் அந்த மழை கொட்டியபோது மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சரிவுகளுக்குக் காரணம் பல உண்டு. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பயந்து பயந்து வீட்டுக்குள் கிடந்தவர்களுக்கு, மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சோலை எவ்வளவு பெரிய காவல் என்று யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது நடையைப் பற்றி.

அந்த டிசம்பர் ஞாயிறு என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகள் வந்தபோது, முறைப்படி அனுமதி வாங்கி, சோலையை நன்றாகத் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு மறுபடி போனோம். இந்த முறை அம்மாவும் வந்தார். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, கையில் தடி. அம்மா வந்ததால் எங்கள் வேகத்தை அம்மாதான் தீர்மானித்தார். பத்தடிக்கு ஒரு முறை நிற்பார், மூச்சு வாங்குவார், எதையாவது பார்ப்பார், பேசுவார், பிறகு நடப்பார். காலை எட்டு மணிக்கு உள்ளே போனவர்கள் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தோம். டிசம்பரில் நடந்த தூரத்தைவிடக் குறைவாகத்தான் நடந்திருப்போம்.

முதல் இருபது நிமிடம் டிசம்பர் போலத்தான் இருந்தது. பச்சை, ஈரம், குளிர், அமைதி. அப்புறம் மெல்ல மெல்லக் காடு திறந்துகொண்டது. முதலில் கேட்டது நீலகிரிச் சிரிப்பான் என்ற குருவி. அதன் குரலைக் கேட்டால் புதருக்குள் யாரோ நாலைந்து பேர் அடக்க முடியாமல் சிரிப்பதுபோல இருக்கும். அம்மா தடியை ஊன்றி நின்று, “யாரு புள்ள அங்க சிரிக்கிறது?” என்றார். ஐந்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகு ஒன்று வெளியே வந்தது. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, செங்கல் பொடி நிறத்தில் வயிறு. நீலகிரி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. டிசம்பரில் 28 பேரும் ஸ்பீக்கருமாகப் போனபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு குருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருநீல முதுகும் துருநிற வயிறுமாக, சோலையின் அடியில், சருகுகளுக்கு மேலேயே தத்தித் திரியும் சின்னக் குருவி. நீலகிரியிலும் அதை அடுத்த சில மலைகளிலும் மட்டும் வாழ்வது. 2017-இல் ஆய்வாளர்கள் இந்தக் குருவிக்கும் தெற்கே உள்ள அதன் உறவுக்கும் சேர்த்து ஒரு தனிப் பேரினம் வகுத்து, அதற்குச் ‘சோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள். நம் சோலைதான் அந்தப் பெயரில் இருக்கிறது. நம்முடைய ஒரு சொல் உலக அறிவியலில் ஏறி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அன்றைக்கு நாங்கள் அதைப் பார்த்தது பத்து நொடி. அக்கா மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இறுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சோலை மரங்கள் வானுயரம் வளர்பவை அல்ல. காற்றுக்கும் குளிருக்கும் பணிந்து, கோணலும் முடிச்சுமாக வளர்ந்து, மேலே குடை விரித்ததுபோலக் கவிந்து நிற்கும். ஒவ்வொரு மரத்தின் உடம்பிலும் வேறு ஒரு காடு வளர்கிறது. வழிகாட்டிப் பெரியவர் ஒரு நாவல் இன மரத்தின் அடியில் எங்களை உட்கார வைத்து, “இதை மட்டும் பாருங்க” என்று அடிமரத்தைக் காட்டினார். என் முழங்கை உயரத்துக்குள் எத்தனை! அடியில் பஞ்சுபோலப் பாசி. அதன்மேல் கண்ணாடிபோல மெலிந்த இலையுள்ள சின்னப் பெரணிகள். அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் அளவு ஆர்க்கிட் செடி ஒன்று. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஓரம் சுருண்ட பத்தைகள். நம் வீட்டு மசாலா டப்பாவில் இருக்கும் கல்பாசிக்கு இவை சொந்தம் என்று சொன்னதும் அக்கா மகள் குனிந்து மோந்து பார்த்தாள். பெரியவர் அந்தப் பாசியின்மேல் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார். விரல் இடுக்குகளில் தண்ணீர் ஊறி வந்து மணிக்கட்டில் வழிந்தது. அதற்கு முன் பல நாளாக மழையே இல்லை. ஈரநிலம் என்றால் என்ன என்று நான் வகுப்பில் அரை மணி நேரம் விளக்கியது அந்த ஒரு கை அழுத்தலில் முடிந்துவிட்டது.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியவர் சட்டென்று கையை உயர்த்தினார். நல்ல தூரத்தில், சரிவில், ஒற்றைக் காட்டெருமை. வெயில் கீற்று அதன் முதுகில் பட்டுப் பளபளத்தது. “கால்ல சுண்ணாம்பு அடிச்சு விட்ட மாதிரி இருக்கு” என்று அம்மா கிசுகிசுத்தார். அது எங்களைப் பார்த்தது. நாங்கள் அசையவில்லை. பிறகு பெரியவர் சைகை காட்ட, வந்த வழியிலேயே மெதுவாகப் பின்வாங்கி அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த அரை மணி நேரம் எங்களிடம் இருந்தது. அடுத்த இடத்துக்கு ஓட வேண்டிய குழுவிடம் அது இருக்காது. அவசரத்தில் இருப்பவர்கள்தான் காட்டெருமையைச் சுற்றிக்கொண்டு குறுக்கே போகப் பார்ப்பார்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. அம்மா 1973-இல், 22 வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான இலங்கை மலையகத் தமிழர்களில் ஒருவர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. அதற்காகக் காடு வெட்டப்பட்டது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் நான் படித்ததும் அந்தத் தேயிலையால்தான். இதை நான் மறந்துவிட்டுக் காட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஓடைக்கரையில் உட்கார்ந்து நாங்கள் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அம்மா ஒரு மரத்தில் சாய்ந்திருந்தவர் திரும்பி அதைத் தடவிப் பார்த்தார். “இந்த மாதிரி மரமெல்லாம் அப்ப வெறகாத்தான் தெரிஞ்சுச்சு. பேரு தெரியாமலே எத்தனை கட்டு சுமந்திருப்பேன்” என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

விறகும் மேய்ச்சலும் லாங்வுட்டைத் தின்றுகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வனத்துறையோடு உள்ளூர் மக்கள் சேர்ந்து அமைத்த லாங்வுட் சோலை கண்காணிப்புக் குழு ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டுத்தான் இன்றைக்கு இருக்கும் நிழல் இருக்கிறது. ஆரஞ்சுப் பூப் பூக்கும் செஸ்ட்ரம் என்ற வெளிநாட்டுச் செடி சோலைக்குள் புகுந்து இளஞ்செடிகளை மூச்சுமுட்டச் செய்கிறது. அதை வேரோடு பிடுங்கிப் பிடுங்கித்தான் காப்பாற்றுகிறார்கள். சோலை மரத்தின் கன்று நிழலில்தான் முளைக்கும், மிக மெதுவாக வளரும். பாதையில் சேறு இருந்தால் ஒருவர் ஓரமாகக் கால் வைப்பார். 28 பேர் ஓரமாகக் கால் வைத்தால் அன்றைக்கே பாதை ஒரு முழம் அகலமாகிவிடும். டிசம்பரில் நான் கடைசி ஆளாக வந்ததால் இதைக் கண்ணால் பார்த்தேன். முன்னே போன பூட்ஸ்களின் கீழே விரல் நீளக் கன்றுகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன.

இதையெல்லாம் வைத்து உங்களிடம் கேட்பது இதுதான். லாங்வுட்டுக்கு வருவதாக இருந்தால் அன்றைக்கு அது மட்டுமே இருக்கட்டும். ‘ஒரே நாளில் ஐந்து இடம்’ என்ற போஸ்டரிலிருந்து இந்தச் சோலையை எடுத்துவிடுங்கள். காட்சிமுனைக்கும் அருவிக்கும் வேறு நாள் இருக்கிறது. அவை ஓடிப் போய்ப் பார்த்தாலும் தெரியும். சோலை தெரியாது.

ஆட்களைக் குறையுங்கள். ஆறு பேர், அதிகம் போனால் எட்டு. ஆள் குறைந்தால் வேன் வாடகை கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். டிசம்பரில் அந்த ஒருங்கிணைப்பாளத் தம்பியே என்னிடம் கணக்குச் சொன்னார். 28 பேர் ஒரே வேனில் வந்தாலும் சோலைக்குள் நாலு பிரிவாகப் போகலாமே. இரண்டு பிரிவு காலையில் போகட்டும், மற்றவர்கள் ஊருக்குள் வேறு ஏதாவது பார்க்கட்டும். கோத்தர் பழங்குடியினரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. கோவை கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வந்தபோது முதலில் தங்கியது எங்கள் பக்கத்தில்தான், கன்னேரிமுக்கில் அவருடைய பழைய பங்களா நினைவகமாக இருக்கிறது. அரை நாள் பார்க்க ஊரில் விஷயம் இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இன்னும் இரண்டு உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் போகும்.

விசிலும் வரிசையும் பாதுகாப்புக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மலையில் இருக்கும் எவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அனுமதி, வழிகாட்டி, விதிகள் என்று எல்லாம் இறுகின. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளுமாக ஒரு திட்டம் தொடங்கியது. லாங்வுட்டும் அதில் ஒன்று. நான் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஏழு பேரை ஒரு வழிகாட்டி கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம், விசிலே தேவைப்படாது. ஸ்பீக்கருக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. அதை வேனிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், யாரை அழைத்து வருகிறீர்கள் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் அறிவிப்புகளில் எப்போதும் ‘18 முதல் 45 வயது வரை’, ‘நல்ல உடல் தகுதி உள்ளவர்கள் மட்டும்’ என்று இருக்கிறது. கடினமான மலைக்கு அது சரி. லாங்வுட் ஏறக்குறைய ஒரு தோட்டத்துப் பாதை மாதிரி. நடக்க முடிகிற பாட்டிகளும் தாத்தாக்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் வரட்டும். அவர்கள் வந்தால் குழுவின் வேகம் தானாகக் குறையும். ஒரு பாட்டி மூச்சு வாங்க நிற்கும் இரண்டு நிமிடத்தில்தான் மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் வழிகாட்டிப் பெரியவரும் இதையே சொன்னார், “வேகமா நடக்கிறவங்களுக்கு என்னால எதையும் காட்ட முடியாதும்மா” என்று.

சின்ன விஷயங்கள் சில. கிளம்புவதற்கு முன்னால் செருப்பு, பூட்ஸ் அடியைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், வேறு காட்டின் விதைகள் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து எடுத்து வரட்டும், ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அட்டை இருக்கும். பயந்து ஓடாமல் நின்று எடுத்துப் போட்டால் போதும், ஒன்றும் ஆகாது. பாதை ஓரச் செடியைச் சும்மா பிடித்து இழுக்க வேண்டாம், காஞ்சொறியாக இருந்தால் நாள் முழுக்க எரியும்.

டிசம்பரில் ‘எல்லாக் காடும் மாதிரிதான்’ என்று சொன்ன பெண், பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் தெரியாதவற்றை வரைந்து வைத்திருந்தாள். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 61 இருந்தது. அதில் குறைந்தது இருபது அந்த ஒரு மரத்தின் அடியில் பார்த்தவை.

உங்களில் யாராவது சிறு குழுவாக, ஒரு முழு நாளை ஒதுக்கி வர விரும்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடவே வரத் தயார். சம்பளம் வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். முழங்கால் ஒத்துழைத்தால் வருவார். அவருடைய நடைக்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை